முதுநகரில் பெயர்ப் பலகை இல்லாத ஒரு மீன் சாப்பாட்டுக் கடை

கடலூர் முதுநகரில் மதியம் மீன் சாப்பாடு எங்கே நன்றாக இருக்கும் என்று யார் கேட்டாலும் ஆறு வருடமாக நான் சொல்வது ஒரே இடத்தைத்தான். அந்த இடத்துக்குப் பெயர் கிடையாது, பலகை கிடையாது, போனில் வரைபடத்தைத் திறந்து தேடினாலும் வராது. துறைமுகம் சந்திப்பு ரயிலடியில் இறங்கி, கடல் பக்கமாக நடந்து, மீன் வண்டிகளுக்கு ஐஸ் உடைத்து ஏற்றும் சந்தில் திரும்பி, 'அக்கா மெஸ் எங்கே' என்று கேளுங்கள். யாரும் கை காட்டுவார்கள். நீலச் சுண்ணாம்பு அடித்த ஓட்டு வீடு. வாசலில் கைகழுவ இரண்டு பிளாஸ்டிக் குடம், ஒரு மக்.

நான் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். 1984-ல் சேர்ந்து 2017-ல் ஓய்வு பெற்றேன். பெரும்பாலும் கடலூர்-சிதம்பரம், கடலூர்-விருத்தாசலம் தடங்கள். அந்த 33 வருடத்தில் மதியச் சாப்பாடு முக்கால்வாசி நாள் வெளியில்தான். பஸ் நிற்கிற ஊர் எல்லாவற்றிலும் சாப்பிட்டிருக்கிறேன். அதனால் இந்தக் கடையை நான் மெச்சுவது ஏதோ ஒருநாள் பசியில் சொல்கிற சொல் இல்லை.

முதலில் சாப்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். சாப்பாடு 90 ரூபாய். புழுங்கலரிசிச் சோறு, மீன் குழம்பு, ஒரு பொரியல், ரசம், மோர். சோறும் குழம்பும் எத்தனை தடவை கேட்டாலும் போடுவார்கள். குழம்பில் மீன் துண்டு ஒன்றுதான். வறுத்த மீன் தனி. மத்தி 40 ரூபாய், சங்கரா 70, வஞ்சிரம் கிடைத்த அன்று 120. இன்ன கிழமை இன்ன மீன் என்று கிடையாது. காலை ஏலத்தில் அக்காவுக்குக் கட்டுப்படியான விலையில் எது விழுந்ததோ அதுதான் அன்றைய குழம்பு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாத 61 நாளும் கருவாட்டுக் குழம்பும், நாட்டுப் படகில் வருகிற சில்லறை மீனும். அந்த நாட்களில் போக யோசிக்காதீர்கள். நெத்திலிக் கருவாடும் கத்தரிக்காயும் மாங்கொட்டையும் போட்டு அவர் வைக்கிற குழம்புக்காகவே சிலர் தடைக்காலத்தை எதிர்பார்த்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

மீன் குழம்பில் அவருடைய கைப்பக்குவம் இரண்டு இடத்தில் தெரியும். ஒன்று, பழைய புளி. நிறம் கறுத்து, புளிப்பு அடங்கி, நாக்கில் ஒட்டாமல் இறங்கும். தேங்காய் சேர்ப்பதில்லை. சின்ன வெங்காயமும் பூண்டும் நல்லெண்ணெயில் வதங்கி, குழம்பு கொதித்து, எண்ணெய் மேலே மிதந்து வந்த பிறகுதான் மீனைப் போடுவார். இரண்டாவது, போட்ட பிறகு சட்டிக்குள் கரண்டியே போகாது. மண்சட்டியின் கழுத்தை இரண்டு பக்கமும் துணியால் பிடித்து, லேசாகத் தூக்கி, ஒரு சுற்று சுற்றி வைப்பார். அவ்வளவு பெரிய சட்டியை அந்த மெலிந்த கை எப்படிச் சுற்றுகிறது என்று ஒவ்வொரு தடவையும் பார்ப்பேன். மீன் துண்டு ஒன்றுகூட உடைந்திருக்காது. பத்தரைக்கு அடுப்பிலிருந்து இறக்குகிற குழம்பை பன்னிரண்டரைக்குத்தான் திறக்கிறார். அந்த இரண்டு மணி நேரத்தில்தான் உப்பும் புளியும் மீனுக்குள் போகின்றன.

பொரியல் சுமார். ரசத்தில் சில நாள் மிளகு கூடிப்போகும். இதை அவரிடமே சொல்லியிருக்கிறேன். "காத்துல நிக்கிற ஆளுங்கண்ணே, அவங்களுக்கு வேணும்" என்றார். துறைமுகத்தில் சுமை தூக்குகிறவர்களைச் சொன்னார். சரி, ரசம் அவர்களுக்கானது.

உட்கார மூன்று நீள பெஞ்சு, எதிரே மூன்று மேசை. ஒரு பந்திக்குப் பதினெட்டுப் பேர். தனி அறை கிடையாது, குடும்பத்துக்கென்று தடுப்பு கிடையாது. இடம் காலியான வரிசையில் வந்தவர் உட்கார வேண்டியதுதான். வலை பின்னுகிறவர், வங்கி குமாஸ்தா, சிப்காட் வேன் டிரைவர், கோர்ட்டுக்கு வந்த வக்கீல், சைக்கிளில் மீன் விற்கிற அம்மா எல்லோரும் ஒரே பெஞ்சில். எவர்சில்வர் தட்டில் வாழையிலைத் துண்டு. பெரிய தாம்பாளத்தில் எவர்சில்வர் டம்ளர்கள் கவிழ்த்து வைத்திருக்கும். கையில் அகப்பட்டதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

நான் எந்தச் சாப்பாட்டுக் கடைக்குப் போனாலும் முதலில் டம்ளரைத்தான் பார்ப்பேன். எனக்கு ஒன்பது வயது இருக்கும்போது, 1968 வாக்கில், எங்கள் கிராமத்து டீக்கடையில் எங்கள் தெரு ஆட்களுக்கென்று நான்கு அலுமினியக் குவளைகள் கீற்றுக் கூரையில் செருகியிருக்கும். அதை நாமே உருவி எடுத்து, கழுவி, நீட்ட வேண்டும். மேலே இருந்து டீயை ஊற்றுவார்கள். குடித்துவிட்டுக் கழுவி மறுபடி கூரையில் செருக வேண்டும். எனக்குக் கூரை எட்டாது. அப்பா என்னைத் தூக்கிப் பிடிப்பார், நான் செருகுவேன். அந்தக் குவளை ஒன்றின் விளிம்பு நெளிந்து உதட்டில் குத்தும். எப்படியாவது அது எனக்கு வராமல் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு நிற்பேன். தீண்டாமை நாட்டில் எங்கெங்கே எப்படி நடக்கிறது என்று ஆராய்ந்து 1969-ல் அறிக்கை கொடுத்த குழுவுக்குத் தலைவர் எங்கள் மாவட்டத்துக்காரர்தான், காட்டுமன்னார்கோயில் எல். இளையபெருமாள். நான் கூரையில் குவளை செருகிக்கொண்டிருந்த அதே காலம்.

அக்கா மெஸ்ஸில் முதல் நாள் என் கைக்கு வந்த டம்ளரின் அடி நசுங்கியிருந்தது. அதே டம்ளர் மறுநாள் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த போலீஸ்காரர் கையில் இருந்தது. அன்று முதல் நான் அந்தக் கடையின் வாடிக்கை.

சுவரில் மூன்று படம். அம்பேத்கர். வெள்ளை முக்காட்டோடு வள்ளலார். வடலூர் இங்கிருந்து தொலைவில்லை, 1867-ல் அவர் மூட்டிய அடுப்பு இன்றும் எரிந்துகொண்டிருக்கிற மாவட்டத்தில் சாப்பாட்டுக் கடை நடத்துகிறவர் அவர் படத்தை மாட்டாமல் இருந்தால்தான் ஆச்சரியம். மூன்றாவது, பழுப்பேறிய செய்தித்தாள் படம் ஒன்று, கண்ணாடிச் சட்டத்துக்குள். கோட்டும் டையும் போட்ட கறுப்பு மனிதர். ஓரம் கிழிந்திருக்கும். புதிதாக வருகிறவர்கள் யார் என்று கேட்பார்கள். சிலர் ஒபாமாவா என்பார்கள். அது மார்ட்டின் லூதர் கிங்.

அக்காவின் அப்பா நகராட்சியில் துப்புரவுத் தொழிலாளி. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவர். 1968 ஏப்ரலில் சங்கத்துக்காரர் ஒருவர் செய்தித்தாளை வாசித்துக் காட்டியிருக்கிறார்: அமெரிக்காவில் இன்ன தலைவரைச் சுட்டுவிட்டார்கள், குப்பை அள்ளுகிறவர்களின் வேலைநிறுத்தத்துக்குத் துணை நிற்கப் போன இடத்தில் சுட்டுவிட்டார்கள் என்று. அப்பா அந்தத் தாளைக் கேட்டு வாங்கி, படத்தைக் கத்தரித்துத் தகரப் பெட்டியில் வைத்துக்கொண்டார். அவர் செத்த பிறகு பெட்டியைத் திறந்தபோது மறுபடி கையில் கிடைத்தது. சின்ன வயதில் யாருப்பா இது என்று அக்கா கேட்டதற்கு, "நம்ம ஆளுங்களுக்காகப் போயி செத்தவரு" என்று சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான் அக்காவுக்குத் தெரியும். பெயர்கூட அப்புறம்தான்.

அந்த அப்பாவுக்குச் சொல்லப்பட்டது சரிதான். டென்னசி மாநிலத்து மெம்ஃபிஸ் நகரில் 1968 பிப்ரவரி 1-ஆம் தேதி, மழைக்கு ஒதுங்கிய எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் என்ற இரண்டு தொழிலாளிகள் குப்பை லாரியின் நசுக்கும் இயந்திரத்தில் அகப்பட்டுச் செத்தார்கள். பிப்ரவரி 12-ல் ஏறத்தாழ 1,300 கறுப்பினத் துப்புரவுத் தொழிலாளிகள் வேலையை நிறுத்தினார்கள். ஊர்வலத்தில் கையில் பிடித்திருந்த அட்டையில் 'நான் ஒரு மனிதன்' என்று எழுதியிருந்தார்கள். சம்பளக் கணக்கோ கோரிக்கைப் பட்டியலோ அந்த அட்டையில் இல்லை. கிங் அவர்களுக்காக மெம்ஃபிஸ் வந்தார். ஒரு ஊர்வலத்தில் கலவரமாகிப் போனதும் மனம் உடைந்தார். வன்முறை இல்லாமல் நடத்திக் காட்ட வேண்டும் என்று மறுபடி வந்தார். ஏப்ரல் 4 மாலை 6:01-க்கு லொரெய்ன் விடுதியின் மாடி நடையில் நின்றுகொண்டிருந்தவரைச் சுட்டார்கள். வயது 39. அடுத்த பன்னிரண்டாவது நாள், ஏப்ரல் 16-ல், நகராட்சி தொழிலாளிகளோடு ஒப்பந்தத்துக்கு வந்தது. நம் நாட்டில் மனிதக் கழிவை மனிதன் அள்ளக் கூடாது என்று 1993-லும் 2013-லும் சட்டம் போட்ட பிறகும் மலக்குழியில் இறங்கி மூச்சு முட்டிச் சாகிறார்கள். ஒவ்வொரு தடவை அந்தச் செய்தி வரும்போதும் எனக்கு அக்கா கடைச் சுவர் ஞாபகம் வரும்.

இந்த விவரமெல்லாம் முன்பே எனக்குத் தெரிந்ததல்ல. அந்தச் சுவரைப் பார்த்துவிட்டு நூலகத்தில் தேடிப் படித்தது. அப்புறம் பத்தாவது படிக்கிற பேத்தி பேச்சுப் போட்டிக்கென்று கேட்டதால் இன்னும் கொஞ்சம். பேத்திக்குப் பிடித்தது 1963-ல் வாஷிங்டனில் அவர் பேசிய பேச்சு. எனக்கு மனதில் தைத்தது அவருடைய முதல் போராட்டம். அது பஸ் போராட்டம்.

அலபாமா மாநிலத்து மாண்ட்கோமரி ஊரில் கறுப்பினத்தவர் முன்படியில் ஏறி டிரைவரிடம் காசு கொடுக்க வேண்டும். அப்புறம் கீழே இறங்கி, பின்வாசலுக்கு நடந்து போய் அங்கே ஏற வேண்டும். நடந்து போவதற்குள் சில டிரைவர்கள் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். இதைப் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது. 33 வருடம் டிக்கெட் கிழித்தவன் சொல்கிறேன், காசை வாங்கிக்கொண்டு ஆளை ஏற்றாமல் போவதைவிடக் கேவலம் எங்கள் தொழிலில் இல்லை. 1955 டிசம்பர் 1-ல் ரோசா பார்க்ஸ் என்ற தையல்கார அம்மா வெள்ளையருக்கு இடம்விட்டு எழ மறுத்துக் கைதானார். டிசம்பர் 5-ல் பஸ் புறக்கணிப்பு தொடங்கியது. அந்த ஊருக்கு வந்து ஒரு வருடமே ஆகியிருந்த 26 வயதுப் பாதிரியார் கிங்கைத் தலைவராக்கினார்கள். பயணிகளில் நான்கில் மூன்று பங்கு கறுப்பினத்தவர். அவர்கள் 381 நாள் பஸ் ஏறவில்லை. நடந்தார்கள். 1956 ஜனவரி 30 இரவு கிங் வீட்டுத் திண்ணையில் குண்டு வெடித்தது. மனைவியும் கைக்குழந்தையும் உள்ளே இருந்து தப்பித்தார்கள். கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு வந்து நின்ற கூட்டத்தைப் பார்த்து, ஆயுதத்தைக் கொண்டுபோய் வீட்டில் வையுங்கள், அவர்களை நாம் அன்பால்தான் எதிர்கொள்ள வேண்டும் என்று சொல்லி அனுப்பிவைத்தார். கண்ணெதிரே வீடு உடைந்து கிடக்கிறது. அந்த நேரத்தில் அதைச் சொல்ல எப்படி வாய் வந்தது என்று நான் இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

சாப்பாட்டுக் கடையைப் பற்றிச் சொல்ல வந்தவன் இங்கே வந்து நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. 381 நாள் நடப்பதென்றால் வயதானவர்களையும் தூர வேலைக்குப் போகிறவர்களையும் ஏற்றிப் போக கார் வேண்டும். காருக்குப் பெட்ரோல், டயர், காப்பீடு. அந்தப் பணத்தில் ஒரு பங்கு அடுப்படியிலிருந்து வந்தது. ஜார்ஜியா கில்மோர் என்ற சமையல்கார அம்மா, ஆறு பிள்ளைகளைப் பெற்றவர், ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. அவரும் இன்னும் பல பெண்களும் வீட்டில் கோழி பொரித்து, கேக்கும் சர்க்கரைவள்ளிக் கிழங்குப் பணியாரமும் சுட்டு, முடி திருத்தும் கடைகளிலும் தேவாலய வாசலிலும் வாடகைக் கார் நிற்கும் இடங்களிலும் விற்றார்கள். திங்கள்கிழமைக் கூட்டத்தில் கொண்டுவந்து பணத்தைக் கொட்டுவார்கள். யார் சமைத்தார்கள், யார் வாங்கினார்கள் என்று தெரிந்தால் வேலை போகும், அடி விழும். அதனால் அந்தக் குழுவுக்கு அவர் வைத்த பெயர், 'எங்கிருந்துமில்லாத சங்கம்'. பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், எங்கிருந்தும் இல்லை. வாங்கியவர்களில் சில வெள்ளையர்களும் உண்டு. அது யார் யார் என்பது ஜார்ஜியாவுக்கு மட்டும்தான் தெரியும்.

1956 மார்ச்சில், பஸ் புறக்கணிப்பை நடத்தியதற்காக கிங்மேல் வழக்கு நடந்தபோது ஜார்ஜியா கூண்டில் ஏறிச் சாட்சி சொன்னார். காசை வாங்கிக்கொண்டு பின்வாசலுக்குப் போகச் சொல்லி, போவதற்குள் பஸ்ஸை எடுத்துக்கொண்டு போன டிரைவரைப் பற்றித்தான். அங்கே அவர் சொன்ன ஒன்று: பணத்தை எண்ணும்போது எது கறுப்பர் காசு, எது வெள்ளையர் காசு என்று பஸ் கம்பெனிக்காரர்களுக்குத் தெரியாது. என் தோள்பையில் விழுந்த ஒவ்வொரு நாணயமும் அப்போது என் காதில் ஒலித்தது. சாட்சி சொன்னதற்காக வேலை போயிற்று. கிங் அவரைப் பார்த்து, நீங்கள் ஏன் சொந்தமாகச் சமைத்துப் போடக் கூடாது என்று கேட்டு, பாத்திரம் வாங்கப் பணமும் கொடுத்தார். அந்த வீட்டு அடுப்படியே சாப்பாட்டுக் கடை ஆயிற்று. கிங் வெளியூர் ஆட்களை அழைத்துவந்து பேசியதும் அங்கேதான். பலகை மாட்டிய கடையில் அவர்கள் உட்கார முடியாத ஊர் அது. 1960 பிப்ரவரி 1-ல் கிரீன்ஸ்பரோ ஊரில் நான்கு கறுப்பின மாணவர்கள் வெள்ளையர் மட்டும் உட்காரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து காபி கேட்டார்கள், கொடுக்கவில்லை. மறுநாளும் வந்து உட்கார்ந்தார்கள். அதே வருடம் அக்டோபரில் அட்லாண்டாவில் ஒரு பெரிய அங்காடியின் உணவகத்தில் இப்படி உட்காரப் போய் கிங்கே கைதானார். உணவகத்தில் நிறம் பார்க்கக் கூடாது என்ற சட்டம் 1964 ஜூலை 2-ல்தான் வந்தது.

முதுநகர்க்காரர்களுக்கு இது அந்நியமாக இருக்காது. சுதந்திரப் போராட்டத்து அஞ்சலையம்மாள் பிறந்த இடம் இது. 1927-ல் சென்னையில் இருந்த ஆங்கிலேயத் தளபதி நீலின் சிலையை அகற்றும் போராட்டத்துக்கு ஒன்பது வயது மகளையும் கூட்டிக்கொண்டு போய்ச் சிறைக்குப் போனவர்.

அக்கா கடைக்கு ஒருகாலத்தில் தகரப் பலகை இருந்தது. 2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் அதைக் கொண்டுபோயிற்று. அந்தப் புயலில் ஊரே இருட்டில் கிடந்த நாட்களில் அக்கா கடையிலிருந்த அரிசியைப் போட்டுத் தெருவுக்கே கஞ்சி காய்ச்சியிருக்கிறார். அப்புறம் பலகையை மறுபடி மாட்டவில்லை. ஏன் என்று கேட்டேன். உடனே பதில் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து, பந்தி முடிந்த பிறகு, தானாகச் சொன்னார். அவருடைய அப்பா என்ன வேலை பார்த்தார் என்று தெரிந்ததும் ஆரம்பத்தில் சிலர் வருவதை நிறுத்தினார்கள். அவர்களில் சிலர் இப்போது ஆள் அனுப்பிப் பார்சல் வாங்குகிறார்கள். உட்கார மாட்டார்கள், குழம்பு மட்டும் வேண்டும். பார்சல் எந்தக் கடையில் வாங்கியது என்று வீட்டில் சொல்வதில்லை. அக்காவுக்கு அது யார் யார் என்று தெரியும்.

"குடுக்காதம்மா" என்றேன். எனக்குக் கோபம்.

"குடுக்கறேண்ணே. அந்தக் காசும் காசுதான். எம் பொண்ணு காலேஜ் பீஸ்ல அவங்க காசு எது, மீன் கூடைக்காரி காசு எதுன்னு யாரு பாக்கறா?" என்றார்.

அப்போது எனக்கு ஜார்ஜியா கில்மோரைப் பற்றித் தெரியாது. மூன்று மாதம் கழித்து அந்த நீதிமன்றச் சாட்சியத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

குறைகளையும் சொல்ல வேண்டும். கைகழுவும் இடத்தில் தரை வழுக்கும், வயதானவர்கள் பார்த்து நடங்கள். கிணற்றுத் தண்ணீர் உப்பு; குடிக்கத் தனியாகக் கேன் தண்ணீர் வைத்திருக்கிறார். பெஞ்சு தாழ்வு, மூட்டு வலி உள்ளவர்களுக்கு எழுவது கஷ்டம். மின்விசிறி இரண்டில் ஒன்றுதான் ஓடுகிறது, ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். போனில் பணம் அனுப்பும் வசதி மகள் வீட்டில் இருக்கும் நாளில்தான் உண்டு, சில்லறையோடு போங்கள். பரிமாற இரண்டே பேர், பன்னிரண்டே முக்காலுக்கு மேல் போனால் இரண்டாவது பந்திக்குக் காத்திருக்க வேண்டும். ஞாயிறு விடுமுறை. கார் சந்துக்குள் வராது.

போன மார்ச் கடைசியில் ஒருநாள் தாமதமாகப் போனேன். கூட்டம் இல்லை. அன்று கெளுத்திக் குழம்பு. முள் குறைவு, சதை வெண்ணெய், தலை தனி ருசி. நான் சாப்பிட்டுக்கொண்டே சுவரைக் காட்டி, "அக்கா, இவரு கடைசியா மதியத்துக்குச் சாப்பிட்டதும் கெளுத்திதான்" என்றேன். வயதில் நான் மூத்தவன், ஆனாலும் எல்லோரும் கூப்பிடுவது போல அக்கா என்றுதான் வாயில் வரும்.

கரண்டியோடு திரும்பிப் பார்த்தார். சொன்னேன். சுடப்பட்ட அன்று மதியம் விடுதியில் கிங்கும் அவருடைய நண்பர் ரால்ஃப் அபர்நாதியும் மீசைக்காரக் கெளுத்தி இன மீனை வறுத்துக் கேட்டிருக்கிறார்கள். பரிமாறிய பெண் இரண்டு பேருடையதையும் ஒரே தட்டில் வைத்துக் கொண்டுவந்துவிட்டார். பரவாயில்லை என்று இருவரும் அந்த ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். அபர்நாதி பிற்பாடு சொன்னது இது. மாலையில் கைல்ஸ் என்ற பாதிரியார் வீட்டில் விருந்து. அதற்குக் கிளம்பித்தான் மாடி நடையில் வந்து நின்றார்.

அக்கா கொஞ்ச நேரம் படத்தைப் பார்த்தார். "மத்தியானம் வயிறாரச் சாப்டாரு" என்றார். அப்புறம், "ராத்திரிக்கு அந்த வூட்டுல ஆக்கி வச்சிருப்பாங்களே. அந்தச் சோறு என்னாச்சு?" என்று கேட்டார்.

கிங்கைப் பற்றி இத்தனை படித்த எனக்கு இந்தக் கேள்வி தோன்றவே இல்லை. சமைக்கிறவருக்குத்தான் தோன்றும். அதற்குப் பதிலாக ஜார்ஜியாவின் கடைசி நாளைச் சொன்னேன். 1990 மார்ச். கறுப்பினத்தவரின் ஓட்டுரிமைக்காக நடந்த செல்மா நடைபயணத்துக்கு 25 வருடம் ஆனதைக் கொண்டாட வருகிறவர்களுக்காக, எழுபது வயதில், விடியலில் எழுந்து கோழியும் பாலாடைக்கட்டி போட்ட மாக்கரோனியும் சமைத்துக்கொண்டிருந்தார். உடம்பு முடியாமல் போய் அன்றே இறந்துவிட்டார். அவர் சமைத்து வைத்திருந்ததை, துக்கத்துக்கு வந்தவர்களுக்குக் குடும்பத்தார் பரிமாறினார்கள்.

"நல்லதுதான். வீணாப் போவல" என்றார் அக்கா.

மணி இரண்டேகால். சட்டியில் மீன் தீர்ந்திருந்தது. மிச்சச் சோற்றைச் சட்டிக்குள் கொட்டி, அடியில் ஒட்டியிருந்த குழம்போடு வழித்துப் பிசைந்தார். அப்போதுதான் உள்ளே வந்த ஐஸ் வண்டிக்காரருக்கு ஓர் உருண்டை, பாத்திரம் கழுவுகிற பெண்ணுக்கு ஒன்று, எனக்கு ஒன்று, அவருக்கு ஒன்று. நின்றபடியே சாப்பிட்டோம்.